வகுப்பறைக்குள் வந்த சமூக வலைத்தளங்கள்: வன்னிப் பாடசாலைகள் தீர்மானிக்க வேண்டியவை

அவுஸ்திரேலியாவில் 16 வயதுக்குக் குறைந்தவர்கள் பேஸ்புக், இன்ஸ்ரகிராம், ரிக்ரொக், யூரியூப் முதலிய தளங்களில் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டம் 2025 டிசெம்பர் 10 இல் நடைமுறைக்கு வந்தது. அச்செய்தியைக் கேட்ட, வட இலங்கையின் வன்னியில் மல்லாவியிலோ முழங்காவிலிலோ உள்ள ஒரு தாயிடம் மறுபுறத்தில் பாடசாலை வேறொன்றைக் கேட்கிறது: பிள்ளையின் வகுப்புக்கென வட்ஸ்அப் குழு தொடங்கப்பட்டுள்ளது, உங்கள் இலக்கத்தைத் தாருங்கள். ஒரு நாடு பிள்ளைகளிடமிருந்து விலக்கி வைப்பதை இங்கே பாடசாலையே வீட்டுக்குள் கொண்டுவருகிறதா என்று பெற்றோர் குழம்புவது நியாயமானது. இந்தக் குழப்பத்தின் பெரும்பகுதி, ஒன்றுக்கொன்று வேறுபட்ட பல கருவிகளை நாம் ஒரே பெயரால் அழைப்பதனால் வருகிறது. எனவே கருவிகளை முதலில் வேறுபடுத்திக் கொண்டு, அதன் பின்னர் வன்னியின் நிலைமைக்கு வருவோம்.

மூன்று வகைக் கருவிகள்

1. சமூக வலைத்தளம். இதில் ஒருவர் தன்னைப் பற்றிய பக்கம் ஒன்றை வைத்திருப்பார். பிறரை நண்பராகவோ பின்தொடர்பவராகவோ இணைத்துக்கொள்வார். அந்த இணைப்புகளின் ஊடாகத் தனக்கு அறிமுகமற்றவர்களின் பதிவுகளையும் காண்பார். பேஸ்புக், இன்ஸ்ரகிராம், ரிக்ரொக் ஆகியன இவ்வகையின. யூரியூப் காணொளித் தளமாகத் தொடங்கினாலும் கருத்துரை, பின்தொடர்தல், பரிந்துரை ஆகியவற்றால் இதற்கு நெருங்கியதாகிவிட்டது.

2. செய்திச் செயலி. வட்ஸ்அப்பும் ரெலிகிராமும் இதற்குள் அடங்கும். தொலைபேசி இலக்கத்தை அடிப்படையாகக் கொண்டு, தெரிந்தவர்களுக்கிடையே செய்தி, குரல்பதிவு, படம், கோப்பு ஆகியவற்றைப் பரிமாற இவை உதவுகின்றன. மேற்சொன்ன அவுஸ்திரேலியச் சட்டம் வட்ஸ்அப்பைத் தனது தடைக்குள் சேர்க்கவில்லை.

3. கற்றல் முகாமைத்துவத் தளம். கூகுள் கிளாஸ்ரூம் இதற்கு எடுத்துக்காட்டு. பாடம், பயிற்சி, ஒப்படை, புள்ளி ஆகியன அலகு வாரியாக அடுக்கப்பட்டிருக்கும். நமது கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளமும் பாடத்திட்டத்தின் ஒழுங்கில் தரம், பாடம், அலகு எனப் பிரித்து மூன்று மொழிகளில் உள்ளடக்கத்தை வழங்குகிறது. கூகுள் கிளாஸ்ரூமும் அந்த அவுஸ்திரேலியத் தடைக்கு வெளியிலேயே உள்ளது.

இம்மூன்றையும் பிரிக்கும் அடிப்படை, உள்ளடக்கம் எந்த ஒழுங்கில் கண்முன் வருகிறது என்பதாகும். சமூக வலைத்தளத்தில் எதை முதலில் காட்டுவது என்பதை அல்கோரிதம் எனப்படும் கணிப்பு முறை தீர்மானிக்கிறது. பார்ப்பவர் எதில் அதிக நேரம் நிற்பார் என்பதை ஊகித்து அதை மேலே கொண்டுவருவதே அதன் வேலை, ஏனெனில் அத்தளங்களின் வருமானம் விளம்பரத்திலிருந்து வருகிறது. செய்திச் செயலியில் நேர ஒழுங்கு மட்டுமே உண்டு. கடைசியாக வந்தது கீழே நிற்க, முன்னையவை மேலே நகர்ந்து மறைந்துவிடும். கற்றல் தளத்தில் பாட ஒழுங்கு உண்டு. முதலாம் தவணையில் அனுப்பிய செயலட்டையை மூன்றாம் தவணையில் தேடும் மாணவி கூகுள் கிளாஸ்ரூமில் அதனை எளிதில் எடுப்பாள். வட்ஸ்அப் குழுவில் ‘காலை வணக்கம்’ படங்களையும் ‘ஓம் சேர்’, ‘நன்றி ரீச்சர்’ என்ற நூற்றுக்கணக்கான பதில்களையும் கடந்து அவள் மேலே போக வேண்டும். பேஸ்புக்கிலோ, தேடப் போன இடத்தில் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இவை நமது பாடசாலைகளுக்குள் வந்த விதம்

இதை எவரும் திட்டமிட்டுத் தொடங்கவில்லை என்பதை நினைவில் வைத்திருப்பது அவசியம். 2020 மார்ச்சில் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது ஆசிரியர்கள் தம் கைகளில் இருந்த தொலைபேசியையே வகுப்பறையாக்கினார்கள். வட்ஸ்அப் குழுக்களும் ஸூம் வகுப்புகளும் அப்போதுதான் கிராமங்களுக்கு அறிமுகமாயின. 2021 ஜூலையில் சம்பள முரண்பாட்டை முன்வைத்து ஆசிரியர், அதிபர் தொழிற்சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி, ஒக்டோபர் வரை அதைத் தொடர்ந்தன. 2022 இன் நடுப்பகுதியில் எரிபொருள் இன்றிப் பாடசாலைகள் மீண்டும் மூடப்பட, அதே குழுக்கள் உயிர்பெற்றன.

நெருக்கடிகள் கடந்த பின்னர் பாடசாலைகள் திறந்தன; குழுக்கள் மூடப்படவில்லை. ஆசிரியரின் சொந்தத் தொலைபேசி, அவரது சொந்த இலக்கம், அவர் தனது பணத்தில் ‘ரீலோட்’ செய்யும் டேட்டா, அவர் தனக்குத் தோன்றியபடி வகுத்த விதிகள் என்பவற்றின் மீது ஒரு பொதுச் சேவை இன்றும் நின்றுகொண்டிருக்கிறது. எந்தத் தளம், எதற்காக, எந்த விதியின்கீழ் என்பதைத் தனித்தனி ஆசிரியரிடம் விட்டுவிடாமல் பாடசாலை தீர்மானிக்க வேண்டும், அத்தீர்மானத்தை வகுப்பிலேயே மிகக் குறைந்த வசதியுள்ள வீட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

சிக்னல், டேட்டா, வீட்டில் ஒரு தொலைபேசி

ஏ-9 வீதியை ஒட்டிய கிளிநொச்சி, மாங்குளம், வவுனியா நகர்ப்பகுதிகளில் காணொளி வகுப்புத் தடங்கலின்றி ஓடலாம். வீதியை விட்டுக் காட்டையும் குளத்தையும் கடந்து உள்ளே போகப் போக நிலைமை மாறுகிறது. கோபுரத்திலிருந்து தூரம் கூடுவதும், இடையில் அடர்ந்த மரங்கள் நிற்பதும் சிக்னலை வலுவிழக்கச் செய்யும். பேச்சு அழைப்பு கிடைக்கும் இடத்தில்கூட டேட்டா கிடைக்காமல் போவது அதனாலேயே. மின்சாரம் நீண்ட நேரம் நின்றால் கோபுரத்தின் மின்கலமும் தீர்ந்துவிடும். மாரி வெள்ளத்தில் வீதிகள் அறுபடும் நாட்களில், அதாவது தகவல் மிகவும் தேவைப்படும் நாட்களில், வட்ஸ்அப் வேலை செய்யாமல் போகக்கூடும் என்பதை 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின் பின்னர் விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது டேட்டாவின் அளவு. ஒரு நிமிடக் குரல்பதிவு சில நூறு கிலோபைற்றுகளுக்குள் அடங்கும். வட்ஸ்அப் சுருக்கி அனுப்பும் ஒரு படமும் ஏறத்தாழ அவ்வளவுதான். ஒரு மணிநேர ஸூம் வகுப்போ பல நூறு மெகாபைற்றுகளை எடுத்துவிடும். ஆகவே ஒரேயொரு காணொளி வகுப்புக்குச் செலவாகும் டேட்டாவில், ஒரு பாடத்துக்கான குரல் விளக்கங்களையும் கரும்பலகைப் படங்களையும் பல வாரங்களுக்கு அனுப்ப முடியும். நாட்கூலியில் வாழும் குடும்பத்துக்கு இது சிறிய வேறுபாடு அன்று. குரல்பதிவுக்கு இன்னொரு நன்மையும் உண்டு: சிக்னல் கிடைக்கும் இடத்தில் இறக்கிக்கொண்டால், பின்னர் வீட்டில் எத்தனை தடவையும் கேட்கலாம்.

பலர் கவனிக்கத் தவறும் நுட்பம் ஒன்றும் இங்கே இருக்கிறது. குறிப்பிட்ட சில செயலிகளுக்கு மட்டும் செல்லுபடியாகும் மலிவான டேட்டாப் பொதிகளையே பல குடும்பங்கள் வாங்குகின்றன. அவ்வாறான பொதியில் வட்ஸ்அப் இயங்கும். ஆனால் ஆசிரியர் குழுவில் இடும் இ-தக்சலாவ இணைப்பையோ வேறு இணையப் பக்கத்தையோ அழுத்தினால் திறக்காது. பிள்ளை அக்கறையின்றி இருப்பதாக ஆசிரியர் நினைத்துக்கொள்வார். இணைப்பை மட்டும் அனுப்பாமல், தேவையான பகுதியைக் கோப்பாகவோ படமாகவோ குழுவுக்குள்ளேயே இட்டால் இச்சிக்கல் பெருமளவு தீரும்.

இறுதியாக, தொலைபேசி யாருடையது என்ற கேள்வி. போரில் துணையை இழந்தோ காணாமற்போனவரைத் தேடியோ தனித்து நின்று குடும்பம் நடத்தும் தாய்மார் வன்னியில் மிகப் பலர். பகலில் தாயுடன் வயலுக்கோ கூலி வேலைக்கோ போகும் தொலைபேசி மாலையில்தான் வீடு திரும்பும்; அதன் பின் அண்ணன், தங்கை என மூன்று வகுப்புகளுக்கு அது பகிரப்பட வேண்டும். பெரும்போக அறுவடைக் காலத்தில் இன்னும் பிந்தும். பிற்பகல் மூன்று மணிக்கு வினா இட்டு நான்கு மணிக்குள் விடை கேட்பது, தனித் தொலைபேசி உள்ள பிள்ளைகளுக்கு மட்டும் நடத்தும் வகுப்பாகிவிடும். விடைக்கு முழுதாக இரண்டு நாள் அவகாசமும், கொப்பியில் எழுதி வகுப்பில் நேரே காட்டும் உரிமையும் எப்போதும் இருக்க வேண்டும்.

எந்த வேலைக்கு எந்தக் கருவி

1. அறிவித்தல். பரீட்சை நேரசூசி, விடுமுறை, பெற்றோர் கூட்டம் ஆகியவற்றுக்கு, நிருவாகிகள் மட்டும் செய்தி இடக்கூடியவாறு அமைத்த வட்ஸ்அப் குழு போதும். அந்த அமைப்பு ஒன்றைச் செய்தாலே தேவையற்ற பதில்களின் குவியல் நின்றுவிடும்.

2. சந்தேகம் தீர்த்தல். வகுப்பில் கைதூக்கிக் கேட்கக் கூச்சப்படும் பிள்ளை தனது கொப்பியைப் படமெடுத்து அனுப்பிக் கேட்கும். கணிதத்தில் எந்தப் படியில் பிழைத்தது என்பதை அந்தப் படத்திலேயே சிவப்பால் வட்டமிட்டு, ஒரு நிமிடக் குரல்பதிவுடன் குழுவில் இட்டால், அதே பிழையை விட்ட வேறு பத்துப் பேரும் பயனடைவார்கள். பெயரை மறைத்து இடுவது ஆசிரியரின் பொறுப்பு. சமூக ஊடகம் வகுப்பறைக்குத் தரக்கூடிய மிகப் பெறுமதியான பயன் இதுவே என்று கருதுகிறேன், ஏனெனில் ஒரு பாடவேளைக்குள் ஒவ்வொரு கொப்பியையும் பார்க்க எந்த ஆசிரியராலும் இயலாது.

3. பாடப்பொருளைச் சேமித்தல். இதற்கு வட்ஸ்அப் பொருந்தாது. அனுப்பியவை தொலைபேசியின் நினைவகத்தை நிரப்பும். இடமில்லை என்று அழித்தால் போய்விடும். ரெலிகிராம் கோப்புகளைத் தனது சேவையகத்தில் வைத்திருக்கும். பிந்தி இணைபவருக்கும் முன்னைய பதிவுகளைக் காட்ட இடமுண்டு. தொலைபேசி இலக்கத்தை மற்றவர்களிடமிருந்து மறைக்கவும் முடியும். ஆனால் அங்கு அறிமுகமற்றோர் நடத்தும் குழுக்களும் தேடலில் எளிதில் கிடைக்கும் என்பதால், உயர்தர மாணவர்களுக்கு அதனை விடலாம். தரம் 6 பிள்ளைக்கு அது வேண்டாம்.

4. காணொளிப் பாடம். யூரியூப்பில் ஏற்றும்போது, இணைப்பு உள்ளவர் மட்டும் பார்க்கும் வகையில், தேடலில் வராதபடி அமைக்கலாம். சிறுவர்களுக்கானது என்று குறித்தால் கருத்துரைப் பகுதி மூடப்படும். இரண்டையும் செய்வது நல்லது.

5. மாணவர் ஆக்கம். சுற்றாடல் கழகம் தனது ஊர்க் குளத்தின் பறவைகளைப் பதிவு செய்வதும், தமிழ்ப்பாட மாணவர்கள் முதியவர்களிடம் கேட்டெழுதிய நாட்டார் பாடல்களையும் வயற்சொற்களையும் தொகுப்பதும் பேஸ்புக் பக்கத்துக்கு உகந்தவை. இங்கு வாசகர் உலகெங்கும் இருக்கிறார். கனடாவிலிருந்து ஒருவர் தனது தாத்தா அதே பாடலை வேறு விதமாகப் பாடினார் என்று எழுதினால், மாணவர் எழுதியது மெய்யான வாசிப்பைப் பெற்றுவிட்டது. பக்கத்தை ஆசிரியர் நடத்த வேண்டும். 13 வயதுக்குக் குறைந்தோர் பேஸ்புக் கணக்கு வைத்திருக்க அத்தளத்தின் விதியே இடமளிப்பதில்லை. வயதைப் பொய்யாகச் சொல்லிக் கணக்குத் திறக்கும்படி எந்தப் பாடசாலையும் பிள்ளையை மறைமுகமாகவேனும் தள்ளக் கூடாது.

ஆசிரியருக்கும் ஆசிரியருக்கும் இடையில்

மாணவரைப் பற்றியே பேசி, இந்தப் பயனை நாம் மறந்துவிடுகிறோம். ஒட்டுசுட்டானுக்கு அப்பால் ஒரு சிறிய பாடசாலையில் விஞ்ஞானத்துக்கு ஒரே ஆசிரியர்தான் இருப்பார். சில இடங்களில் அவரும் வேறு பாடத்தில் பயிற்சி பெற்றவராக இருப்பார். ஓர் அலகை எப்படிக் கற்பிப்பது என்று கேட்க அருகில் எவருமில்லை. கல்வி வலயங்களைக் கடந்து பாடவாரியாக அமைந்த ஆசிரியர் குழு ஒன்று, வினாத்தாள், புள்ளியிடும் திட்டம், எளிய பரிசோதனையின் காணொளி ஆகியவற்றை அன்றாடம் அவரிடம் கொண்டுசேர்க்கும். துணுக்காயில் கேட்ட கேள்விக்கு மடுவிலிருந்து பதில் வரும். ஆசிரிய ஆலோசகர் வருடத்தில் ஓரிரு முறை நேரில் வந்து செய்வதன் ஒரு பகுதியையேனும் இது ஈடுசெய்யும். இங்கு சிறுவர் பாதுகாப்புச் சிக்கல் இல்லை. செலவும் மிகக் குறைவு. சமூக வலைத்தளத்தைக் கற்பித்தலுக்குப் பயன்படுத்தத் தயங்கும் பாடசாலை இதிலிருந்து தொடங்கலாம் என்பேன்.

பிள்ளையின் படம்

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், சிறுவர் பற்றிய தரவைக் கூடிய பாதுகாப்புத் தேவைப்படும் விசேட வகைக்குள் சேர்க்கிறது. பெயர், முகம், பாடசாலை, தொலைபேசி இலக்கம் யாவும் தரவுதான். இச்சட்டத்தை மனதிற்கொண்டு வன்னியின் வழக்கம் ஒன்றை நேராகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

புலம்பெயர்ந்த உறவுகள் துவிச்சக்கர வண்டியும் புத்தகப் பையும் அன்புடன் வழங்குகிறார்கள்; அவ்வுதவி இன்றிப் பல பிள்ளைகளின் படிப்பு நின்றிருக்கும். ஆனால் அந்தப் பிள்ளை பொருளை ஏந்தி நிற்கும் படம், ‘தந்தையை இழந்த மாணவிக்கு’ என்ற வரியோடும் ஊர், பாடசாலைப் பெயர்களோடும் பேஸ்புக்கில் வெளியாகிறது. சில வேளை பாடசாலையின் பக்கத்திலேயே வெளியாகிறது. அவளது வறுமையும் வீட்டின் இழப்பும் எவரும் தேடி எடுக்கக்கூடிய பதிவாகிவிடுகின்றன. சக மாணவர் பார்க்கிறார்கள். பிள்ளைக்குத் துணையாக ஆண்கள் இல்லாத வீடு எது என்பதையும் முன்பின் தெரியாதவர் அறிந்துகொள்கிறார். நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்ட வேண்டுமெனில் அதிபர் ஒப்பமிட்ட கடிதமும் பற்றுச்சீட்டும் போதும். படம் வேண்டுமென்றால் வண்டியைப் படமெடுக்கலாம். தாயிடம் சம்மதம் பெற்றோம் என்ற விடை இங்கு போதாது. உதவி கைக்கு வரும் நேரத்தில் எந்தத் தாயால் மறுக்க முடியும்?

வட்ஸ்அப் குழுவிலும் இதே அக்கறை தேவை. 2016 முதல் அதன் செய்திகள் அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் மட்டும் தெரியும்படி மறைகுறியாக்கப்படுகின்றன. ஆயினும் சாதாரண குழுவில் ஒவ்வொருவரின் இலக்கமும் மற்ற எல்லாருக்கும் தெரியும். எவரும் திரையில் உள்ளதைப் படமாக்கி வெளியே அனுப்பலாம். புள்ளிப் பட்டியலைக் குழுவில் இடும் வழக்கம் உடனே நிறுத்தப்பட வேண்டும்.

தனிச் செய்தி என்ற எல்லை

ஆசிரியர் ஒருவர் மாணவி ஒருத்திக்கு இரவு பத்து மணிக்குத் தனியாகச் செய்தி அனுப்புவதில் தீய நோக்கம் இல்லாதிருக்கலாம். ஆனால் தீய நோக்கமுள்ளவரும் அப்படித்தான் தொடங்குவார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. அதற்காக எல்லாத் தொடர்பையும் தடைசெய்யலாமா? அமெரிக்காவின் மிசூரி மாநிலம் 2011 இல் அதை முயன்றது. ஆசிரியரும் மாணவரும் பிறர் பார்க்க முடியாதபடி தொடர்புகொள்ள இடமளிக்கும் தளங்களைத் தடுக்கும் பிரிவொன்றைச் சட்டத்தில் சேர்த்தது. தமது சொந்தப் பிள்ளையுடன்கூடப் பேச முடியாது போகும் என்று ஆசிரியர் சங்கம் வழக்குத் தொடுத்தது. நீதிமன்றம் பிரிவை நிறுத்திவைத்தது. அதே ஆண்டில் சட்டமன்றம் அதனை நீக்கி, ஒவ்வொரு கல்வி மாவட்டமும் தனக்கான விதியை எழுத்தில் வகுக்க வேண்டும் என்று மாற்றியது. பரந்த தடை நிலைக்கவில்லை; பாடசாலைகளுக்கு அருகில் எழுதப்படும் தெளிவான விதிக்கே இறுதியில் திரும்பி வந்தார்கள்.

ஆசிரியருக்கும் பாதுகாப்புத் தேவை. அரச ஊழியர்கள் சமூக ஊடகங்களில் கருத்து வெளியிடுவது சேவை விதிகளின் தொகுப்பான தாபனக் கோவையின்கீழ் ஒழுக்காற்று நடவடிக்கைக்கு உட்படலாம் என்று 2022 செப்டெம்பரில் பொது நிருவாக அமைச்சு சுற்றறிக்கை விட்டது. அரசியல் கருத்தும் குடும்பப் படங்களும் உள்ள அதே கணக்கில் மாணவரையும் நண்பராக வைத்திருக்கும் ஆசிரியர், இரண்டு உலகங்களையும் ஆபத்துக்கு உள்ளாக்குகிறார்.

தளம் நிலையானது என்ற நம்பிக்கை

ஆசிரியர்களுக்கென்றே 2008 இல் தொடங்கி உலகெங்கும் பயன்பட்ட எட்மோடோ 2022 செப்டெம்பரில் மூடப்பட்டது. கூகுள் பிளஸ் 2019 இல் மறைந்தது. பல ஆசிரியர் குழாம்கள் இயங்கிய நிங் தளம் 2010 இல் இலவசச் சேவையை நிறுத்தியது. நமது நாட்டிலோ 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னரும், 2022 ஏப்ரலிலும் சமூக ஊடகங்கள் அரசினால் முடக்கப்பட்டன. ஆகையால் ஒரு குழுவில் மட்டும் இருக்கும் பாடப்பொருள் பாதுகாப்பாக இருக்கிறது என்று கொள்ள முடியாது. பாடசாலைக் கணினியில் ஒரு பிரதியும், நூலகத்தில் அச்சுப் பிரதி ஒன்றும் இருக்க வேண்டும். சிக்னல் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் அந்த அச்சுப் பிரதியே வழி.

எழுத்தில் இருக்க வேண்டிய விதிகள்

ஒரு பக்கத்துக்கு மேற்படாத ஆவணம் போதும். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் வாசித்து, பெற்றோரின் கருத்தைக் கேட்டு, அதிபர் ஒப்பமிட வேண்டும்.

1. ஒவ்வொரு வகுப்புக் குழுவிலும் வகுப்பாசிரியருடன் இன்னொரு ஆசிரியரும் நிருவாகியாக இருப்பார். இயன்றவரை அவர்களில் ஒருவர் பெண்ணாக இருப்பார்.

2. கீழ் வகுப்புகளில் தாய் அல்லது பாதுகாவலரின் இலக்கமே சேர்க்கப்படும். தனியாகச் செய்தி அனுப்ப வேண்டி வந்தால் அது பெற்றோருக்கே அனுப்பப்படும்.

3. மாலை ஏழு மணிக்குப் பின்னர் செய்தி இடப்படாது; இட்டாலும் பதில் எதிர்பார்க்கப்படாது.

4. குழுவில் இட்ட எதுவும், குழுவில் இல்லாத பிள்ளைக்கு மறுநாள் வகுப்பில் கிடைக்கும். புதிய அலகு எதுவும் குழுவில் மட்டும் கற்பிக்கப்படாது.

5. உதவி பெறும் பிள்ளையின் முகம் எந்தத் தளத்திலும் வெளியிடப்படாது.

6. குழுக்கள் பாடசாலைக்குச் சொந்தமான இலக்கத்தில் இயங்கும்.

இறுதி விதி செலவு வைக்கும் என்பதால் ஒதுக்கப்படக் கூடியது. வன்னிக்கு அதுவே மிக அவசியமானது. கஷ்டப் பிரதேசச் சேவைக்காக வெளி மாவட்டங்களிலிருந்து வரும் ஆசிரியர்கள் காலம் முடிந்ததும் இடமாற்றம் பெற்றுப் போகிறார்கள். போகும்போது குழுவின் நிருவாகமும், பிள்ளைகளின் இலக்கங்களும், மூன்று வருடமாகச் சேர்ந்த விளக்கங்களும் அவர்களது தொலைபேசியோடு போய்விடுகின்றன. புதிதாக வருபவர் மீண்டும் இலக்கம் சேர்ப்பதிலிருந்து தொடங்குகிறார். பாடசாலையின் பெயரில் ஒரு சிம் அட்டையும், அலுவலகத்தில் வைத்துப் பயன்படுத்தும் சாதாரண தொலைபேசி ஒன்றும் வாங்கி, ஆசிரியர் பொறுப்பேற்கும் நாளில் வரவுப் பதிவேட்டோடு நிருவாகப் பொறுப்பையும் கையளித்து, விலகும் நாளில் திரும்பப் பெற்றுக்கொண்டால் இது தீரும். துவிச்சக்கர வண்டி வாங்கித் தரும் பழைய மாணவர் சங்கங்களிடம் இந்தத் தொலைபேசியையும் கேட்கலாம்.